எட்டு மாதக் குழந்தைக்கு ஒன்பது ‘பாசிட்டிவ்’. எதைத்தான் கொடுப்பது?

#1 நிலாஅம்மா (கோவை)

வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

மகளுக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. மூன்றாவது மாதம் கன்னத்தில் சிவப்பாக ஆரம்பித்தது. எச்சில் பட்டுச் சிவந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். இப்போது நெற்றி, வயிறு, கை கால்களின் வெளிப்புறம் என்று பரவிவிட்டது. டாக்டர் எக்ஸிமா என்றார், வீட்டில் கரப்பான் என்கிறார்கள். ராத்திரி தோளில் போட்டால் தூங்காமல் கன்னத்தை என் தோளிலேயே தேய்த்துக்கொண்டிருப்பாள். விடிந்து பார்த்தால் நைட்டியின் தோள்பக்கம் கடுகு கடுகாக ரத்தப் புள்ளி. பாயை உதறினால் மாவு சலித்த மாதிரி செதில்.

உறவினர் ஒருவர் சொன்னாரென்று, டாக்டரிடம் கேட்காமலேயே ஒரு லேபில் ரத்தம் கொடுத்து ‘அலர்ஜி பேனல்’ எடுத்தோம். ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. நாற்பது பொருளில் ஒன்பது சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது: பால், முட்டை வெள்ளைக்கரு, கோதுமை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, துவரம்பருப்பு, எள், இறால், வீட்டுத் தூசிப் பூச்சி. கீழே ‘இவற்றைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி.

இரண்டு வாரமாக அவளுக்குக் கஞ்சி, ஆப்பிள், தாய்ப்பால் மட்டும்தான். எனக்கு ரசம் சாதம். கரப்பான் துளியும் குறையவில்லை. எடை 6.9 கிலோவிலேயே நிற்கிறது. இன்னும் எதை நிறுத்துவது?

#2 பாட்டிவைத்தியம்62 (நெல்லை)

கண்ணு, கவலைப்படாதே. கரப்பான் பண்டம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கத்தரிக்காய், கருவாடு, சோளம், வேர்க்கடலை எல்லாவற்றையும் நீ விட்டுவிடு, பாலில் இறங்கும். சோப்பைத் தூக்கிப் போடு. கடலைமாவும் பயத்தமாவும் பாலாடையில் குழைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டு. என் மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன்.

#3 கச்சான் (மெல்பேர்ன்)

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது மெல்பேர்னில். எங்கட குடும்பத்தில் கச்சான், அதாவது உங்கட வேர்க்கடலை, ஒத்துக்கொள்ளாத ஆள் என்று ஒருவரும் இருந்ததில்லை. கோயில் திருவிழா என்றால் கச்சான் சரைதான் எங்களுக்குத் திருவிழா.

மகன் 2006-இல் இங்கே பிறந்தவன். உங்கள் பிள்ளை மாதிரியே மூன்று மாதத்தில் முகமெல்லாம் எக்ஸிமா. அந்தக் காலத்தில், அலர்ஜிக்கு வாய்ப்புள்ள பிள்ளைக்கு மூன்று வயது வரை கச்சான் காட்டாதே என்பதுதான் பேச்சு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே 2000-இல் அப்படி எழுதி, 2008-இல் திரும்பப் பெற்றது. நாங்கள் ஒழுங்காகக் கேட்டோம். அவன் வாயில் ஒரு துணுக்கும் வைக்கவில்லை. ஆனால் வீட்டில் நான் மட்டும் டிவி பார்த்தபடி தின்றேன்.

பதினொரு மாதத்தில் ஒருநாள் கச்சான் தின்ற வாயோடு தூக்கிக் கொஞ்சினேன். என் உதடு பட்ட இடம் மட்டும், வட்டம் மாறாமல், தடித்து எழும்பியது. சோதித்தால் நல்ல பெரிய பாசிட்டிவ். தின்னாத பிள்ளைக்கு அலர்ஜி எங்கிருந்து வந்தது என்று எனக்கு வருடக்கணக்காக விளங்கவில்லை.

#4 மருந்துச்சீட்டு (மதுரை)

குழந்தை மருத்துவராக இருக்கிறேன். உங்கள் குழந்தையைப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

நிலாஅம்மா, அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன்னால் இந்த ஒன்பதில் எதையெல்லாம் அவள் சாப்பிட்டிருக்கிறாள்? சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், விடாத வாந்தி, மூச்சில் இழுப்பு என்று ஏதாவது வந்ததா?

#5 நிலாஅம்மா

ஆறு மாதம் முடிந்ததிலிருந்து தயிர் சாதம், பருப்புச் சாதம் தினமும் சாப்பிட்டாள். சப்பாத்தியைப் பாலில் ஊற வைத்துக் கொடுத்திருக்கிறேன். இட்லியில் நல்லெண்ணெய் தொட்டு. நீங்கள் சொன்னது எதுவும் வந்ததில்லை. சொறிவாள், ஆனால் அது எப்போதும்தான். முட்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, இறால் இதுவரை கொடுத்ததில்லை.

#6 மருந்துச்சீட்டு

அப்படியென்றால் பாதிப் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது.

ரத்தப் பரிசோதனை காட்டுவது உடம்பு அந்தப் பொருளுக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைத்திருக்கிறது என்பதை. இதற்கு சென்சிடைசேஷன் என்று பெயர். முன்கூட்டியே கூர்தீட்டி வைத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி கூராக இருக்கிறது என்பதற்காக வெட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சாப்பிட்டதும் உடம்பு எகிறினால்தான் அது அலர்ஜி. எக்ஸிமா உள்ள குழந்தைக்கு மொத்த ஐஜிஇ பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும். நாற்பது பொருளை ஒன்றாகப் போட்டுத் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு விழத்தான் செய்யும். அதனால்தான் சந்தேகமில்லாத பொருளுக்குப் பேனல் எடுக்காதீர்கள் என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

தயிர், கோதுமை, பருப்பு, எள் நான்கையும் அவள் ஏற்கெனவே சாப்பிட்டுச் செரித்திருக்கிறாள். அவற்றை நிறுத்தியது வீண் மட்டுமில்லை, ஆபத்தும்கூட. கூர்தீட்டிய உடம்பை இதுவரை அடக்கி வைத்திருந்தது அந்தத் தினசரிக் கவளம்தான். மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது, முன்பு ஒன்றும் செய்யாத பாலே சில குழந்தைகளுக்குக் கடுமையான அலர்ஜியாகத் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஒரு ஆய்வில், உணவைத் தவிர்த்த எக்ஸிமா குழந்தைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு இப்படிப் புதிதாக உடனடி அலர்ஜி வந்தது. உங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகிறது. நாளையே டாக்டரிடம் போய், இதைச் சொல்லி, அவர் மேற்பார்வையில் திரும்பத் தொடங்குங்கள்.

முட்டையும் வேர்க்கடலையும் தனிக் கதை. அவற்றை வீட்டில் நீங்களாக முயன்று பார்க்க வேண்டாம்.

#7 தரவுப்பூச்சி (பெங்களூரு)

டாக்டர் சொன்னதற்கு நம்மூர்க் கணக்கே இருக்கிறது. பெங்களூரு, மைசூர் வட்டாரப் பெரியவர்களிடம் ஐரோப்பியக் கூட்டு முயற்சியில் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 24 உணவுகளில் ஏதாவது ஒன்றுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். உண்மையில் அலர்ஜி இருக்கலாம் என்று தேறியவர்கள் 1.2 சதவீதம். நூறு பேரைச் சோதித்தால் இருபத்தாறு பேர் கையில் சிவப்பு எழுத்துத் தாள், அதில் இருபத்தைந்து பேர் வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

கச்சான் அண்ணன் கேள்விக்கு வருகிறேன். தின்னாத பிள்ளைக்கு எப்படி வந்தது? தோல் வழியாக. எங்கள் துறையில் கடந்த இருபது வருடத்தில் தலைகீழாகப் புரண்ட விஷயம் இதுதான். உணவு அலர்ஜியால் எக்ஸிமா வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர் எதிர்: எக்ஸிமா திறந்துவிட்ட தோல் வழியாகத்தான் உணவு அலர்ஜி உள்ளே வருகிறது.

நம் தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டும் புரதங்களில் ஒன்று ஃபிலாகிரின். அதன் மரபணுவில் கோளாறு இருந்தால் எக்ஸிமாவுக்கு வாய்ப்பு அதிகம் என்று ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகக் குழு 2006-இல் காட்டியது. அப்படிப்பட்ட தோல், மழைக்குப் பூச்சு உதிர்ந்த மண்சுவர் மாதிரி. நீர் வெளியே போகும், தூசி உள்ளே வரும். வீட்டுத் தூசியில் வேர்க்கடலைப் புரதமும் இருக்கும், முட்டைப் புரதமும் இருக்கும். சொறிந்து புண்ணான தோல் ஏற்கெனவே அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே வரும் எதையும் நோயெதிர்ப்பு மண்டலம் எதிரி என்றே குறித்துக்கொள்கிறது. அதே கடலை வாய் வழியாகக் குடலுக்குப் போனால் ‘இது சாப்பாடு, விட்டுவிடு’ என்று பழகிக்கொள்கிறது. வாசல் வழியாக வந்தால் விருந்தாளி, கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தால் திருடன். ஆள் ஒரே ஆள்தான்.

லண்டனில் கிடியன் லாக் என்ற மருத்துவர் 2003-இல், வேர்க்கடலை எண்ணெய் கலந்த கிரீம் பூசப்பட்ட குழந்தைகளிடம் கடலை அலர்ஜி அதிகம் என்று கண்டார். 2008-இல் இன்னொரு ஒப்பீடு: பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளில் கடலை அலர்ஜி 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17. இஸ்ரேலில் பல் முளைக்கும் முன்பே பம்பா என்ற கடலைப் பொரியைச் சப்பக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் 2015-இல் லீப் ஆய்வு. கடும் எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ உள்ள, 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேர். பாதிப் பேருக்கு வாரம் 6 கிராம் கடலைப் புரதம், மீதிப் பேருக்கு ஐந்து வயது வரை கடலையே கிடையாது. முடிவில் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2.

#8 கச்சான்

அப்போ நான் தின்று, கை துடைக்காமல் தூக்கினதுதான்! வாய்க்கு மூடி போட்டுவிட்டு, தோலுக்கு விளம்பின மாதிரி ஆகிவிட்டது.

மெல்பேர்னில் ஒரு வயதுப் பிள்ளைகள் ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஹெல்த்நட்ஸ் ஆய்வு பற்றி இங்கே அடிக்கடி பேசுவார்கள். எக்ஸிமா உள்ள பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு உணவு அலர்ஜி. எக்ஸிமா இல்லாத பிள்ளையோடு பார்த்தால் கடலை அலர்ஜி 11 மடங்கு, முட்டை 6 மடங்கு. மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. கடும் அலர்ஜி வந்தால் உடனே குத்திக்கொள்ளும் அட்ரினலின் ஊசிப் பேனா பையில் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டான்.

#9 பாட்டிவைத்தியம்62

படித்தவர்கள் எழுதுகிறீர்கள், சரி. ஆனால் என் பேரனுக்கு முட்டை கொடுத்த மறுநாள் கரப்பான் கிளம்பியது, கண்ணால் பார்த்தேன். அதையும் இல்லை என்பீர்களா? கடலைமாவு தேய்த்த என் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

#10 மருந்துச்சீட்டு

இல்லை என்று சொல்ல மாட்டேன் அம்மா. கடுமையான எக்ஸிமா உள்ள சில சிறு குழந்தைகளுக்கு உணவும் தூண்டும். அப்படித் தோன்றினால் ஒரே ஒரு பொருளை இரண்டு, மூன்று வாரம் நிறுத்திப் பார்ப்போம். குறைந்தால் திரும்பக் கொடுத்துப் பார்த்து உறுதி செய்வோம். குறையவில்லையென்றால் அந்தப் பொருள் மேல் பழியில்லை. எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் நோய். ஏறுகிற நாளில் என்ன சாப்பிட்டதோ அதன் தலையில் பழி விழுந்துவிடுகிறது.

கடலைமாவு விஷயத்தில் உங்கள் பிள்ளைகளுக்குத் தோல் முழுசாக இருந்தது. புண்ணில்லாத தோலில் மாவு தேய்ப்பதைப் பற்றி நான் பேசவில்லை. நிலாஅம்மாவின் மகளுக்குத் தோல் வெடித்துக் கிடக்கிறது. அதில் கடலைமாவு, பயத்தமாவு, பாலாடை எல்லாம் தேய்ப்பது நாளை அவள் சாப்பிட வேண்டிய பொருள்களையே கொல்லைச் சுவர் வழியாக அனுப்புவது. கொண்டைக்கடலை அலர்ஜி இந்தியாவில் நிஜமாகவே உண்டு. சொறசொறப்பான மாவு தேய்க்கும்போது தோல் இன்னும் உரிகிறது, அது வேறு.

#11 தரவுப்பூச்சி

இதற்கு வெளியூர் உதாரணங்களும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் எக்ஸிமாவுக்கு ‘இயற்கை’ என்று ஆட்டுப்பால் சோப்பு பூசியவர்கள், பின்னால் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜப்பானில் ஒரு முகச் சோப்பில் சிதைத்த கோதுமைப் புரதம் சேர்த்தார்கள். அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டாயிரம் பேருக்கு மேல் கோதுமை அலர்ஜி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முகம் கழுவினார்கள், அவ்வளவுதான்.

#12 செக்குமாணிக்கம் (பல்லடம்)

நான் மரச்செக்கு வைத்திருக்கிறேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் ஆட்டுகிறேன். குழந்தைக்குப் பூசத்தான் நிறையப் பேர் வாங்குகிறார்கள். இனி என்ன சொல்லி விற்பது? வியாபாரத்துக்காகக் கேட்கவில்லை, என் பேத்திக்கும் முழங்கை மடிப்பில் இருக்கிறது.

#13 தரவுப்பூச்சி

நேர்மையான கேள்வி ஐயா. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய முழுசாகப் போய்விடும். செக்கில் ஆட்டியதில் கொஞ்சம் தங்கும். சமையலுக்கு அது நல்லது, புண்ணான தோலுக்கு நல்லதில்லை. எள்ளும் கடலையும் அலர்ஜிப் பட்டியலில் முன்வரிசைக்காரர்கள். ஆகவே எக்ஸிமா உள்ள தோலில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பை இன்னும் தளர்த்துகிறது என்று ஆய்வு உண்டு. கடுகெண்ணெயும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் கொஞ்சம் நல்ல பேர்: பிலிப்பைன்ஸில் எக்ஸிமா குழந்தைகளுக்குப் பூசிப் பார்த்ததில் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. ஆனாலும் அது மருந்துக்கு மாற்று இல்லை.

#14 கயல் (சென்னை)

ஸ்டீராய்டு கிரீம் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் பயம். டாக்டர் எழுதிக்கொடுத்த ட்யூப் அலமாரியிலேயே கிடக்கிறது. தோல் மெலிந்துவிடும், பழகிவிடும் என்கிறார்கள். மருந்துக்கடையில் வேறொன்று கொடுத்தார்கள், அதைப் போட்டதும் மூன்றே நாளில் போய்விட்டது. விட்டதும் இரண்டு மடங்காக வந்துவிட்டது.

#15 மருந்துச்சீட்டு

கடைக்காரர் கொடுத்ததுதான் நீங்கள் பயப்பட வேண்டிய ஸ்டீராய்டு! அந்த ட்யூபின் பின்பக்கம் படியுங்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த கதம்பமாக இருக்கும். அதிலிருக்கும் ஸ்டீராய்டு பெரும்பாலும் கடுமையான ரகம், குழந்தை முகத்துக்கு ஆகவே ஆகாது. டாக்டர் எழுதியது மிதமான ரகமாக இருக்கும். அதைப் பயந்து பயந்து பொட்டு வைக்கிற மாதிரி பூசுவதால்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது.

அளவு சொல்கிறேன். பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது, விரல்களோடு சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். டாக்டர் சொன்ன நாள் வரை பூசுங்கள், சிவப்பு போனதும் அவர் சொன்னபடி குறையுங்கள். மாய்ஸ்சரைசரைச் சந்தனம் மாதிரி தொட்டு வைக்காதீர்கள். வாரத்துக்கு 250 கிராம் வரை போகும். விலை கட்டுப்படியாகவில்லையென்றால் மருந்துக்கடை வெள்ளைப் பாரஃபின் போதும், அழகான டப்பா வேண்டாம். கையை நேராக டப்பாவில் விடாமல் கரண்டியால் எடுங்கள். குளிப்பாட்டி, ஈரத்தை ஒற்றி எடுத்த கையோடு பூசுங்கள். பூசும் முன் உங்கள் கையைக் கழுவுங்கள். தாளிச்ச கை, முட்டை உடைத்த கை எதுவும் வேண்டாம்.

#16 கயல்

அப்படியானால் பிறந்த நாளிலிருந்தே எல்லாக் குழந்தைக்கும் கிரீம் பூசினால் எக்ஸிமாவே வராதே? அடுத்த குழந்தைக்குச் செய்யலாமா?

#17 தரவுப்பூச்சி

எல்லோரும் அப்படித்தான் ஆசைப்பட்டார்கள். பிரிட்டனில் 1,394 குழந்தைகள், நார்வே-ஸ்வீடனில் 2,397 குழந்தைகள். இரண்டு பெரிய ஆய்வும் 2020-இல் ஒரே இதழில் வந்தன, இரண்டிலும் பலன் இல்லை. வந்த எக்ஸிமாவைச் சீக்கிரம் அடக்குவது வேறு விஷயம். ஜப்பானில் 650 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு கிரீமை முழுவீச்சில் பூசியவர்களில் முட்டை அலர்ஜி 31.4 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 41.9. ஆனால் முழுவீச்சில் பூசிய குழந்தைகளுக்கு எடையும் உயரமும் கொஞ்சம் குறைந்தன. ஆகவே கயலின் பயம் முழுக்க மூடநம்பிக்கை இல்லை, அளவோடு இருக்க வேண்டிய பயம்.

#18 நிலாஅம்மா

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

குழந்தை அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் போனோம். ஒன்பதில் நான்கை அன்றே அடித்துவிட்டார். அங்கேயே உட்கார வைத்துத் தயிர் ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னார். நக்கிவிட்டு இன்னொரு வாய்க்குக் கை நீட்டினாள். எனக்கும் பத்தியம் ரத்து. வெளியே வந்ததும் எதிர்க் கடையில் நெய் ரோஸ்ட்.

முதல் மூன்று வாரம் தோல் மட்டும்தான். அவர் காட்டியபடி விரல் அளவு வைத்துப் பூசினேன். நாலாம் நாளே ராத்திரி தேய்ப்பது நின்றது. முன்பு எனக்குத் தைரியமில்லாமல் கால்வாசிதான் பூசியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் வேர்க்கடலைக்குக் கையில் குத்திப் பார்த்தார்கள், தடிப்பு பெரிதாக இல்லை. அவர் எதிரிலேயே வறுத்து அரைத்த கடலையை வெந்நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. இப்போது வாரம் மூன்று நாள் கேழ்வரகுக் கூழில் கலந்து கொடுக்கிறேன். முழுக் கடலை ஐந்து வயது வரை கூடவே கூடாது, தொண்டையில் அடைத்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

முட்டைதான் நினைத்தபடி போகவில்லை. கையில் குத்தியதும் நல்ல தடிப்பு. நன்றாக வெந்ததையே மிளகளவு கொடுத்ததற்கு வாயைச் சுற்றிச் சிவந்து வாந்தி எடுத்தாள். உடனே கவனித்தார்கள், அரை மணியில் சரியானது. இப்போதைக்கு முட்டை இல்லை, ஒரு வயது தாண்டிப் பார்க்கலாம் என்றார். வீட்டில் ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கிறோம்: மூச்சு இழுத்தாலோ துவண்டாலோ அவில் என்ற அலர்ஜி மருந்தைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரி, தொடையில் அட்ரினலின்.

எடை 7.5.

#19 மருந்துச்சீட்டு

முட்டையை அவர் முன்னாலேயே வைத்துக் கொடுத்தீர்களே, அதுதான் முக்கியம். எக்ஸிமா குழந்தைகளுக்குப் பச்சை முட்டைத் தூள் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு ரியாக்‌ஷன் வந்து, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ஜப்பானில் முதலில் தோலை ஆற்றிவிட்டு, வேகவைத்த முட்டைத் தூளை மிகக் கொஞ்சமாகத் தொடங்கினார்கள். ஒரு வயதில் முட்டை அலர்ஜி 38-லிருந்து 8 சதவீதமானது. உங்கள் மகளுக்கு அந்தக் கதவு கொஞ்சம் முன்னாலேயே சாத்திவிட்டது. ஆனால் முட்டை அலர்ஜி பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். தோலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

#20 பாட்டிவைத்தியம்62

நெய் ரோஸ்ட் சாப்பிட்டாயே, அதுவே எனக்குச் சந்தோஷம். ஒன்று கேட்கிறேன் டாக்டர் தம்பி. பேத்தி பிறந்திருக்கிறாள், இன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். தோல் சுத்தமாக இருக்கிறது. பயத்தமாவு தேய்க்கலாமா, கூடாதா?

#21 மருந்துச்சீட்டு

வாழ்த்துகள் அம்மா. வெறும் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். மாவைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.